முக்கோணம் போட மறுத்த ஆமை: குழந்தைக்குத் தர்க்கம் பழகும் விதம்

மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நம் கண்ணுக்குத் தெரிபவை: அ, க, 4, 7. “ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்” என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்? தேவையில்லாத அட்டையைத் தொடக் கூடாது. மேலே படிக்கும் முன் ஒரு விடையை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அ-வும் 4-உம் என்றீர்களா? பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். சரியான விடை அ-வும் 7-உம். 4-க்குப் பின்னால் க இருந்தாலும் விதிக்குப் பங்கமில்லை. உயிரெழுத்து இல்லாத அட்டையைப் பற்றி அந்த விதி வாயே திறக்கவில்லை. ஆனால் 7-க்குப் பின்னால் ஓர் ஈ ஒளிந்திருந்தால் விதி அந்த இடத்திலேயே உடைந்தது. பிரிட்டன் உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் முன்வைத்த சோதனை இது. படித்த பெரியவர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் இதில் தேறுகிறார்.

இதே புதிருக்கு வேறு சட்டை மாட்டிவிட்டால் கதையே மாறுகிறது. 1982-இல் அமெரிக்காவில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுத்தையும் எண்ணையும் எடுத்துவிட்டு, “பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்” என்ற விதியை வைத்தார்கள். அட்டைகள்: பீர், கோலா, 22 வயது, 16 வயது. நீங்கள் போலீஸ்காரர், யாரைச் சோதிப்பீர்கள்? இந்த முறை முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். 16 வயதுக்காரரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது யாரும் சொல்லித்தராமலே தெரிந்தது. இரண்டு புதிரின் எலும்புக்கூடும் ஒன்றுதான். ஒன்று காற்றில் தொங்குகிறது, மற்றது தரையில் நிற்கிறது.

குழந்தைகளுக்குத் தர்க்கம் கற்பிக்கும் பேச்சை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். தர்க்கம் என்றதும் பலருக்கு வாதாடும் திறமையோ கணக்கில் கெட்டிக்காரத்தனமோ நினைவுக்கு வருகிறது. விஷயம் அதைவிடச் சிறியது: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும்போது, இடையில் உள்ள பலகை தாங்குமா என்று மிதித்துப் பார்த்துவிட்டுப் போவது. அந்தப் பலகைகளின் பெயர்கள் ஒரு கைக்குள் அடங்கும். ‘இருந்தால்’, ‘அல்லது’, ‘எல்லாம்’, ‘சில’, ‘இல்லை’. ஐந்து வயதுக் குழந்தை இவற்றை நாள் முழுவதும் பேசுகிறது. ஆனால் பேச்சில் இவை வழுக்கும். “எல்லாப் பந்துகளும் சிவப்பு இல்லை” என்றால் என்ன? ஒரு பந்துகூடச் சிவப்பில்லையா, அல்லது சிவப்பல்லாத பந்தும் இருக்கிறது என்பதா? தமிழில் இரண்டுக்கும் இடமுண்டு. “பேனா அல்லது பென்சில் கொண்டு வா” என்றால் இரண்டையும் கொண்டுவந்த பிள்ளை சொல் மீறியதா? தர்க்கத்தின் ‘அல்லது’ இரண்டையும் ஏற்கும். நாம் பல நேரம் ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறோம். இதை வாயால் விளக்கினால் குழந்தை கொட்டாவி விடும். கையில் கொடுத்தால் சண்டைக்கே வரும். சண்டைக்கு வருவதுதான் நல்லது.

கையில் கொடுப்பதற்கு மிக எளிய பொருள் தர்க்கக் கட்டைகள். ஹங்கேரியில் பிறந்த கணிதக் கல்வியாளர் சோல்டான் டீன்ஸ் பரவலாக்கியவை. நான்கு வடிவம், மூன்று நிறம், இரண்டு அளவு, இரண்டு தடிமன். பெருக்கினால் 48 கட்டைகள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தடிமனை விட்டுவிட்டால் அட்டையிலேயே 24 வெட்டிவிடலாம்.

என் அக்கா மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது இரண்டு கயிற்று வளையங்களைத் தரையில் போட்டேன். ஒன்றில் சிவப்பெல்லாம், மற்றதில் முக்கோணமெல்லாம் என்பது விதி. மளமளவென்று அடுக்கிக்கொண்டே வந்தவள் சிவப்பு முக்கோணம் கையில் வந்ததும் நின்றாள். சிவப்பு வளையத்தில் வைத்தாள். எடுத்தாள். முக்கோண வளையத்தில் வைத்தாள். “மாமா, இது எதில் போகும்?” என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதை இரண்டு வளையத்துக்கும் நடுவே வெறுந்தரையில் வைத்தாள். அதுவும் பிடிக்கவில்லை, “ஆனால் இது வெளியே இல்லையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்து மற்றதன்மேல் ஏற்றிவிட்டு, ஏறிய இடத்தில் கட்டையை வைத்தாள். கணிதப் புத்தகத்தில் வெட்டுக்கணம் என்று வருவதை அவள் கயிற்றை இழுத்துக் கண்டுபிடித்துவிட்டாள். வட்ட நீலக் கட்டைகள் இரண்டு வளையத்துக்கும் வெளியே கிடக்கட்டும் என்று முடிவெடுக்க அவளுக்கு இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று. எங்குமே இடமில்லாதவற்றுக்கும் ஓர் இடம் உண்டு என்பது குழந்தைக்கு எளிதில் ஒப்பாத சங்கதி.

நான் கூரையைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. குழந்தைகள் விடையைப் பொருளில் தேடுவதைவிட நம் முகத்தில் தேடுவதில் கில்லாடிகள். கட்டையின் மேல் கை போகும்போதே நம் புருவம் உயர்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அப்படிக் கிடைத்த விடையில் தர்க்கம் துளியும் இல்லை. ஆகவே, முகமில்லாத ஒன்றிடமிருந்து பதில் வர வேண்டும்.

ஆமை

அப்படி முகமில்லாமல் பதில் சொன்னவற்றில் பெயர் பெற்றது லோகோ ஆமை. 1967-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபியர்சைக், சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பேப்பர்ட் அதற்கு முன் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயுடன் வேலை செய்தவர். குழந்தை அறிவை வெளியிலிருந்து நிரப்பிக்கொள்வதில்லை, செய்து செய்து தானே கட்டிக்கொள்கிறது என்ற பியாஜேயின் பார்வையை அவர் கணினிக்குக் கொண்டுவந்தார். முதலில் வந்த ஆமை தரையில் ஊர்ந்த ஒரு ரோபோ. வயிற்றில் பேனா, போன வழியெல்லாம் கோடு. பின்னர் அது திரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் ரேடியா பெர்ல்மன் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, படிக்கத் தெரியாத சின்னஞ்சிறு பிள்ளைகளும் ஆமையை நடத்தும்படி பொத்தான் பெட்டியும் அட்டை செருகும் பெட்டியும் செய்தார். (கணினி வலைப்பின்னல்களில் தகவல் சுற்றிச்சுற்றி வராமல் தடுக்கும் நெறிமுறையைப் பின்னாளில் வகுத்தவரும் இதே பெர்ல்மன்தான்.)

அக்கா மகளுக்கு எட்டு வயதானபோது அவளிடம் ஆமையைக் கொடுத்தேன். சதுரம் உடனே வந்துவிட்டது: 100 அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு, இதை நான்கு முறை செய். அடுத்து முக்கோணம். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 என்று பள்ளியில் கேட்டிருந்தாள். ஆகவே முன்னே 100, வலம் 60, மூன்று முறை. ஓட்டினாள். திரையில் வந்தது முக்கோணமில்லை. வாயகன்ற கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல மூன்று கோடுகள், மூடாமல்.

“ஆமை கெட்டுப்போய்விட்டது மாமா” என்றாள். ஆமை மறுபடியும் அதே கிண்ணத்தைத்தான் போட்டது. நான்காம் முறை ஓட்டியபோது குற்றச்சாட்டு நின்றுவிட்டது. தரையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் வரைந்து, அதன்மேல் நடக்கச் சொன்னேன். நான் சொன்ன ஒரே உதவி அதுதான். முனைக்குப் போய்த் திரும்பியவள் அப்படியே நின்றாள். “இவ்வளவு திரும்புகிறேனா! வந்த வழியைப் பார்ப்பதற்குக் கொஞ்சம்தான் பாக்கி.” 60 என்பது முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் கோணம். நடப்பவர் திரும்புவதோ வெளிக்கோணம், 180-இல் 60 போக 120. அவள் கழித்துப் பார்க்கவில்லை. 100 போட்டாள், 110 போட்டாள், 120-இல் கோடு மூடியது. பிறகு கிண்ணம் அவளை விடவில்லை. 60-ஐ மூன்று முறைக்குப் பதில் ஆறு முறை ஓட்டிப் பார்த்தாள், அறுகோணம் வந்தது. நான்கு தொண்ணூறு, மூன்று நூற்றிருபது, ஆறு அறுபது. தாளில் பெருக்கி எல்லாம் 360 என்று கண்டதும், ஐங்கோணத்துக்கு என்ன போட வேண்டும் என்று ஆமையைக் கேட்காமலே 72 என்றாள். அந்த 72-தான் எனக்குப் பெரிது. அதுவரை அவள் செய்தது தேடல். 72 அனுமானம்.

பிழையைப் பற்றிய பேப்பர்டின் பார்வையும் இங்கே விளங்கும். தேர்வுத்தாளில் தப்பு என்றால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, அதோடு சரி. ஆமையிடம் தப்பு என்றால் ‘எந்த வரியில்?’ என்று அடுத்த கேள்வி பிறக்கிறது. பிழை இருக்கும் வரியைத் தேடிப்போவதே தர்க்கம்தான்: இந்த வரிவரை சரியாக வந்தது, இதற்குப் பின் கோணலானது, ஆகவே கோளாறு இடையில் இருக்கிறது.

இப்போது ஆமை பல வீடுகளில் வசிக்கிறது. பைத்தான் என்ற கணினி மொழியோடு அது சேர்ந்தே வருகிறது. டர்டில் பிளாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் கட்டளைகளை எழுத வேண்டியதில்லை. கட்டைகளைக் கோத்தால் போதும். 2007-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்ச்செல் ரெஸ்னிக்கின் குழு வெளியிட்ட ஸ்கிராட்ச், லோகோவின் நேர் வாரிசு. கட்டைகளின் ஓரம் பொருந்தினால்தான் ஒட்டும் என்பதால் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை என்ற தொல்லையே இல்லை. எஞ்சுவது யோசனைப் பிழை மட்டும்.

உள்ளே திறந்து பார்ப்பது

இந்தக் கருவிகளில் பல திறந்த மூலக் கருவிகள். அது என்ன என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு மென்பொருள் எப்படி எழுதப்பட்டதோ அந்த மூல நிரல் வெளிப்படையாக இருக்கும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்திலிருந்து வளர்ந்த மரபு. பெரும்பாலும் காசில்லாமல் கிடைப்பதால் பலர் ‘இலவசம்’ என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். பெற்றோருக்கு அதுவும் பெரிய வரம்தான். ஆனால் தர்க்கம் கற்கும் பிள்ளைக்கு அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ‘இது எப்படி முடிவெடுக்கிறது?’ என்று அது கேட்கும்போது பூட்டிய கதவு எதிரே வராது.

எனக்குப் பிடித்த உதாரணம் சைமன் டாத்தம் என்ற பிரிட்டன் நிரலர் எழுதிய புதிர்த் தொகுப்பு. நாற்பது அளவுக்குச் சின்னச் சின்னப் புதிர்கள், எல்லாம் திறந்த மூலம். அதில் கண்ணிவெடி தேடும் பழைய விளையாட்டும் உண்டு. வழக்கமான கண்ணிவெடி விளையாட்டில் சில நேரம் எவ்வளவு யோசித்தாலும் இரண்டு கட்டங்களுக்கு நடுவே பூவா தலையா போட்டுத்தான் ஆக வேண்டும். இவருடைய பதிப்பில் அந்த நிலை வராது. ஊகிக்காமல் தீர்க்க முடிகிற ஆட்டத்தை மட்டுமே அது கொடுக்கும். எப்படி? நிரலுக்குள்ளேயே தீர்க்கும் பகுதி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தயாரித்த புதிரை முதலில் அது தர்க்கத்தால் தீர்த்துப் பார்க்கும். முடியாவிட்டால் புதிரை மாற்றியமைக்கும். பத்து வயதுப் பிள்ளை அந்த நிரலைப் படிக்கப் போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “இதில் ஊகிக்கவே வேண்டாம், காரணம் எங்கேயோ கண்டிப்பாக இருக்கிறது, தேடு” என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிகிறது. வேறு எந்த விளையாட்டைப் பற்றி அப்படிச் சொல்வீர்கள்?

ஸ்கிராட்ச்சில் கதவு இன்னும் தாழ்வாக இருக்கிறது. எங்கோ ஒரு பிள்ளை செய்து பகிர்ந்த விளையாட்டைத் திறந்து அதன் கட்டைகளைப் பார்க்கலாம், நகலெடுத்து மாற்றலாம். ‘சுவரைத் தொட்டால் ஆட்டம் முடியும்’ என்ற கட்டையில் ‘இல்லை’ என்ற ஒன்றைச் செருகினால், சுவரைத் தொடாதபோது ஆட்டம் முடிகிறது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர எனக்குத் தெரியாது.

இன்னும் சிறியவர்களுக்கு ஜிகாம்ப்ரி என்ற திறந்த மூல மென்பொருள். 2000-ஆம் ஆண்டு பிரான்ஸில் புருனோ குதுவான் தொடங்கியது, இப்போது கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுமத்தின் கீழ் வளர்கிறது. ‘எனக்குப் புரிந்தது’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரை வைத்து விளையாடிய பெயர். இரண்டு முதல் பத்து வயது வரைக்குமாக நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். ஒளித்துவைத்த வரிசையைக் குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிப்பதும், தட்டுகளைத் தூணுக்குத் தூண் மாற்றும் ஹனோய் கோபுரமும் அதில் இருக்கின்றன. எழுத்து, எண் பயிற்சிகளை விட்டுவிட்டு நேரே இவற்றுக்குப் போங்கள் என்பது என் யோசனை.

கணினியே இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. நியூஸிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெல்லோஸ் ஆகியோருடன் 1990-களில் தொகுக்கத் தொடங்கிய பயிற்சிகள், யாரும் எடுத்தாளக்கூடிய உரிமத்தில் கிடைக்கின்றன. எல்லாமே அட்டை, கயிறு, சாக்பீஸ். அதில் ஒரு மந்திர வித்தையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை என்று 36 அட்டைகள் செய்துகொள்ளுங்கள். குழந்தை 25 அட்டைகளை ஐந்துக்கு ஐந்தாக, மனம்போனபடி பரப்பட்டும். “இன்னும் கொஞ்சம் கடினமாக்குகிறேன்” என்று சொல்லி நீங்கள் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஓர் அட்டை சேர்க்கிறீர்கள். பிறகு கீழே ஒரு வரிசை முழுவதும். இப்போது ஆறுக்கு ஆறு. நீங்கள் திரும்பி நிற்கும்போது குழந்தை ஏதாவது ஒரே ஓர் அட்டையைப் புரட்டுகிறது. திரும்பிப் பார்த்ததும் அந்த அட்டையைத் தொட்டுக் காட்டிவிடுகிறீர்கள்.

ரகசியம், நீங்கள் சேர்த்த அட்டைகளில் இருக்கிறது. குறுக்கும் நெடுக்கும் எந்த வரிசையை எண்ணினாலும் கறுப்பு இரட்டைப்படையில் வரும்படி சேர்த்திருக்கிறீர்கள். ஓர் அட்டை புரண்டால் ஒரு குறுக்கு வரிசையும் ஒரு நெடுக்கு வரிசையும் ஒற்றைப்படை ஆகும்; அவை சந்திக்கும் இடம்தான் குற்றவாளி. கணினிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தகவலில் பிழை நுழைந்ததா என்று பார்ப்பதும் இந்த அடிப்படையில்தான். குழந்தையிடம் ரகசியத்தைச் சொல்லிவிடாதீர்கள். நான்கைந்து முறை செய்து காட்டினால் தானாக எண்ணத் தொடங்கும். கண்டுபிடித்த பிறகு ஒரு கேள்வியை மட்டும் போடுங்கள்: ஒரே வரிசையில் இரண்டு அட்டைகளைப் புரட்டினால்? அந்த வரிசை சாதுவாக இரட்டைப்படையில் நிற்கும். இரண்டு நெடுக்கு வரிசைகள் மட்டும் புகார் சொல்லும். தப்பு நடந்தது தெரியும், எங்கே என்று தெரியாது. தெரிவதற்கும் தெரியாததற்கும் இவ்வளவு துல்லியமாக எல்லைக்கோடு போடும் விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். கருவியைக் கொடுத்துவிட்டால் யோசனை தானாக வளரும் என்பது உண்மையில்லை. லோகோவின் புகழ் உச்சத்தில் இருந்த 1980-களில், ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஓராண்டு லோகோ பழகிய பிள்ளைகளுக்கு வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் பணியைக் கொடுத்துப் பார்த்தார்கள். லோகோ பழகாத பிள்ளைகளை அவர்கள் முந்தவில்லை. ஆமையிடம் கற்றது ஆமையோடு நின்றுவிட்டது. பேப்பர்ட் இந்த ஆய்வின் கேள்வியே தப்பு என்று வாதாடினார். எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. பிள்ளைகள் திரையில் கட்டைகளைக் கோத்து, ஓட்டி, சரிவராவிட்டால் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டி, எப்படியோ வந்துவிட்டால் கைதட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடுவதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? அதில் விரல்தான் வேலை செய்கிறது.

இதற்கு நான் கைக்கொள்ளும் மருந்து ஒன்றே ஒன்று. ஓட்டும் முன் சொல். பொத்தானை அழுத்துவதற்கு முன் என்ன நடக்கும் என்று வாயால் சொல்ல வேண்டும், அல்லது தாளில் வரைய வேண்டும். சொன்னது நடந்தால் ‘எப்படித் தெரிந்தது?’ என்று கேட்பேன். நடக்காவிட்டால் வாயை மூடிக்கொள்வேன், இரண்டாவதுதான் கடினம். கேள்வியை இன்னோர் இடத்துக்குக் கடத்துவதும் பெரியவர்களின் வேலை: வளையத்தில் செய்தாயே, அதை ஸ்கிராட்ச்சில் எப்படிச் சொல்வாய்?

சிவப்பாகவும் இருக்க வேண்டும், முக்கோணமாகவும் இருக்க வேண்டும் என்ற அந்த ‘உம்’, மின்கம்பியிலும் இருக்கிறது. ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு சுவிட்சுகள். சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் இதையும் அதையும் போட்டால்தான் எரியும். பக்கம்பக்கமாகக் கோத்தால் இதையோ அதையோ போட்டால் போதும். 1854-இல் ஜார்ஜ் பூல் எழுதிவைத்த தர்க்க இயற்கணிதத்தைச் சுவிட்சுகளால் செய்துகாட்ட முடியும் என்று 1937-இல் 21 வயது மாணவர் கிளாட் ஷானன் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். கணினிச் சுற்றுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. திரையும் வேண்டும் என்றால் பிபிசி 2016-இல் பிரிட்டன் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் அளவில் கொடுத்த மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகை இருக்கிறது. 25 விளக்குகள், இரண்டு பொத்தான்கள், கட்டைகளால் நிரல் எழுதலாம். ஆனால் முதலில் கம்பியும் பல்பும்தான்.

அக்கா மகளுக்கு இப்போது பதினொரு வயது. மாடிப்படி விளக்கை மேலேயும் கீழேயும் இருந்து போடவும் அணைக்கவும் முடிகிறதே, அது எந்தக் கோப்பு என்று அவளே கேட்டாள். ஒன்றன்பின் ஒன்றும் இல்லை, பக்கம்பக்கமும் இல்லை. ‘இரண்டில் ஒன்று, ஆனால் இரண்டும் கூடாது’ என்ற அல்லது அது. இருபக்கமும் தொடும் சுவிட்சுகள் இரண்டை வாங்கிக் கொடுத்தேன்; ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து செய்துவிட்டாள். இப்போது நடுப்படியிலும் ஒரு சுவிட்ச் வேண்டுமாம். அவள் வரைந்த படம் இன்னும் சரிப்படவில்லை: மேல் சுவிட்சைப் போட்டால் நடுச் சுவிட்ச் செத்துவிடுகிறது. நடுவில் வரும் இரண்டு கம்பிகளை எதிரும் புதிருமாக மாற்றிவிடும் சுவிட்ச் வேண்டும் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று நாளாகச் சொல்லாமல் இருக்கிறேன்.